பேரிங் உடைந்தால் குற்றவாளி யார்?

சர்ச்கேட்டிலிருந்து விரார் 60 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை மின்சார ரயில் ஓடி முடிப்பதற்குள் அதன் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 20 ஆயிரம் முறை சுற்றிவிடும். காலை நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறவருக்கு, தம் காலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யோசிக்க நேரமிருக்காது. ஆனால் பெட்டியில் உள்ள அத்தனை பேரின் பாரத்தையும் சுமப்பவை, அச்சின் இரு முனைகளிலும் இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பேரிங்குகள்தாம். ஒவ்வொரு சுற்றிலும் உள்வளையத்தின் ஒரே இடம் நாலைந்து ரோலர்களிடமாவது மிதிபடுகிறது. விரார் போய்ச் சேர்வதற்குள் எண்பதாயிரம், ஒரு லட்சம் மிதி. நாளைக்கும் அதே மிதி. அடுத்த வருடமும் அதே மிதி.

ரயிலில் மட்டுமா? லேத்தில், கிரைண்டரில், மாவு மில்லில், தண்ணீர் பம்பில், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியில் எங்கும் இதே கதைதான். நன்றாக ஓடுகிறவரை யாரும் இதை நினைப்பதில்லை. உடைந்த அன்றுதான் பட்டறையில் முதல் கேள்வி எழும்: "யார் மாட்டினது?" மாட்டிய ஃபிட்டருக்கு மெமோ. அல்லது கிரீஸ் போடும் பையனுக்குத் திட்டு. உடைந்த பேரிங்கைப் பழைய இரும்போடு எறிந்துவிட்டுப் புதியது மாட்டுவார்கள். சில மாதங்களில் அதுவும் போகும். மறுபடியும் மெமோ.

எறியப்பட்ட அந்த இரும்பு வளையத்திலேயே, குற்றம் யாருடையது என்பது பெரும்பாலும் எழுதியிருக்கிறது. அதைப் படிக்க, பேரிங் எப்படிச் சுமக்கிறது, எப்படிச் சாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடுகளவு இடத்தில் மலையளவு பாரம்

குண்டு உருண்டையானது. அது ரேஸைத் தொடும் இடம், கணக்குப்படி ஒரு புள்ளி. புள்ளிக்குப் பரப்பு கிடையாது. பரப்பில்லாத இடத்தில் பாரம் ஏறினால் அழுத்தம் எல்லையில்லாமல் போக வேண்டும். எந்த எஃகும் தாங்கக் கூடாது. ஆனால் தாங்குகிறது. ஏன்?

இதற்கு விடை சொன்னவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர். பின்னாளில் வானொலி அலைகளைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றாரே, அவரேதான். 1881-ன் தொடக்கத்தில் பெர்லினில் உதவியாளராக இருந்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடி வில்லைகள் அழுத்தும்போது எப்படி உருக்குலைகின்றன என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்போது அவருக்கு 23 வயது. இரண்டு உருண்டைப் பொருள்கள் அழுந்தும்போது, தொடும் இடத்தில் இரண்டும் கொஞ்சம் தட்டையாகிக்கொடுக்கின்றன; புள்ளி ஒரு சிறு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ விரிகிறது; பாரம் கூடக் கூட அந்த வட்டமும் பெரிதாகிறது. ஆகவே உருண்டைக் குண்டில் அழுத்தம் இரண்டு மடங்காக வேண்டுமானால் பாரம் எட்டு மடங்காக வேண்டும். எஃகு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் வழி அது.

அப்படியும் அழுத்தம் கொஞ்சநஞ்சமல்ல. தொடும் இடம் கடுகை விடச் சிறியது. சாதாரண வேலையில் ஓடும் பேரிங்கிலேயே ஒரு சதுர மில்லிமீட்டர் மேல் 150 கிலோ அளவுக்கு அழுத்தம் வரும். வளர்ந்த ஆட்கள் இரண்டு பேர் ஒரு குண்டூசித் தலையின் மேல் ஏறி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிடக் கம்பியாக இருந்தால் நசுங்கிப்போகும். அதனால்தான் பேரிங்குக்கென்று தனி எஃகு: ஏறத்தாழ ஒரு சதவீதம் கரியும், ஒன்றரை சதவீதம் குரோமியமும் சேர்த்து, நெருப்பில் வைத்துத் தோய்த்துக் கடினமாக்கியது.

விரிசல் பிறக்கும் இடம்

தேய்ந்து தேய்ந்துதான் பேரிங் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக எண்ணெய் பெற்ற பேரிங் அப்படித் தேய்வதில்லை. அது உள்ளுக்குள் களைத்துப்போய்ச் சாகிறது.

சப்பாத்தி மாவு உருண்டையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். விரலுக்கு நேர் கீழே உள்ள மாவு எல்லாப் பக்கமும் நெருக்குண்டு சிக்கிக்கொள்கிறது. அதற்கும் சற்றுக் கீழே உள்ள மாவுதான் பக்கவாட்டில் நழுவப் பார்க்கிறது. எஃகிலும் அப்படியே. பொருளை அறுத்து நழுவச் செய்யும் உள்ளிழுவிசை, பொறியாளர்கள் பாஷையில் 'தகைவு', மேற்பரப்பில் உச்சமடைவதில்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு ஆழத்தில்தான் உச்சமடைகிறது. குண்டு ஒவ்வொரு முறை உருண்டு போகும்போதும் அந்த ஆழத்தில் உள்ள எஃகு ஒருமுறை முறுகி, பிறகு விடுபடுகிறது. கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி ஒடிக்கிறோம் அல்லவா? அதே வேலை, கண்ணுக்குத் தெரியாத அளவில், கோடிக் கணக்கான முறை.

எஃகு முழுவதும் ஒரே சீராக இருந்தால் நெடுங்காலம் தாங்கும். ஆனால் உருக்கும்போது அதில் நுண்ணிய ஆக்சைடு துகள்கள் சிக்கிவிடுகின்றன. சோற்றில் கல் கிடப்பது போல. அந்தத் துகள் ஆபத்தான ஆழத்தில் வந்து அமைந்துவிட்டால் விரிசல் அங்கே பிறக்கும். மெல்ல மேலே ஏறி வரும். ஒருநாள் ரேஸிலிருந்து ஒரு செதில் பெயர்ந்து விழும். அதன்பின் வருகிற ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியில் 'டக்' என்று இறங்கி ஏறும். அந்தச் சத்தத்தைத்தான் பழைய ஃபிட்டர்கள் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை ஹவுசிங்கில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கிறார்கள். வெற்றிடத்தில் வைத்து எஃகைச் சுத்தம் செய்யும் முறை வந்தபிறகு பேரிங்கின் ஆயுள் பல மடங்கு கூடியதற்குக் காரணம், சோற்றில் கல் குறைந்ததுதான்.

துகள் எங்கே அமையும் என்பது யார் கையிலும் இல்லை. ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் செய்த பேரிங்குகளை ஒரே பாரத்தில் ஓடவிட்டாலும் ஒன்று மற்றதை விடப் பத்து மடங்கு, இருபது மடங்கு கூடுதலாக உழைக்கும். ஸ்வீடன் நாட்டு லுண்ட்பெரி, பால்ம்கிரென் என்ற இருவர் 1947-ல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். இன்றுவரை பேரிங் அட்டவணைகளில் ஆயுள் என்று போட்டிருப்பது அந்தக் கணக்கின் வழி வந்ததுதான். அதன் பொருள் என்ன தெரியுமா? நூறு பேரிங்கில் தொண்ணூறு அந்த ஆயுளைத் தாண்டும் என்பதே. மீதிப் பத்து, எல்லாம் சரியாக இருந்தும், யார் குற்றமும் இல்லாமல் முன்பே போகலாம். மெமோ எழுதுகிற அதிகாரிகளில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்க்கிறார்கள்?

அதே கணக்கில் இன்னொன்றும் உண்டு. பாரம் இரண்டு மடங்கானால் குண்டு பேரிங்கின் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். ரோலர் பேரிங்கானால் பத்தில் ஒன்று. பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கச் சொல்லிவிட்டு, பேரிங் போனதற்கு மாட்டியவனைக் கேட்பது நியாயமில்லை.

எண்ணெய் கல்லாகும் நேரம்

இவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் எப்படி நடுவில் நிற்கிறது? பிழிந்து வெளியே ஓடிவிட வேண்டாமா?

1883-ல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு ஓடும் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அது குண்டில்லாத பழைய மாதிரி. எண்ணெய் ஊற்றுவதற்காக மேலே ஒரு துளை போட்டார். ஓடவிட்டதும் துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் வெளியே பொங்கி வந்தது. கார்க்கை அடித்து அடைத்தார். கார்க்கைத் தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்தார். அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், சதுர அங்குலத்துக்குச் சராசரி 100 பவுண்டு பாரம் இருந்த இடத்தில் முள் 200-ஐத் தாண்டியது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்துக்கொண்டு போய் இடுக்கில் திணித்து, அதன் மேல் மிதக்கிறது என்று தெரிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886-ல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குச் சமன்பாடு எழுதினார்.

அந்தச் சமன்பாட்டை 1916-ல் மார்ட்டின் என்பவர் கியர் பற்களுக்குப் போட்டுப் பார்த்தார். விடை விசித்திரமாக வந்தது. பற்களுக்கு நடுவே நிற்கக் கூடிய எண்ணெய், பற்களின் சொரசொரப்பை விடவும் மெல்லியது. அதாவது எண்ணெய் உதவாது. பற்கள் ஒன்றையொன்று கடித்துத் தின்றுவிட வேண்டும். ஆனால் உலகத்தில் கியர்கள் வருடக் கணக்காக ஓடிக்கொண்டிருந்தன. காகிதத்தில் போட்ட கணக்கு ஒன்று சொல்ல, பட்டறை வேறொன்று சொன்னது.

விடை கிடைக்க ஒரு தலைமுறை பிடித்தது. சோவியத் நாட்டில் எர்டெல், குரூபின் ஆகியோரும், பிறகு 1959-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் டவ்சன், ஹிக்கின்சன் ஆகியோரும் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒன்று, ஹெர்ட்ஸ் சொன்னபடி எஃகு தட்டையாகி எண்ணெய்க்கு இடம் விடுகிறது. மற்றொன்று, அந்த அழுத்தத்தில் எண்ணெய் எண்ணெயாகவே இருப்பதில்லை. அதன் கெட்டித்தன்மை ஆயிரம், லட்சம் மடங்குகளாக ஏறி, கிட்டத்தட்ட ஒரு திடப்பொருளாகிவிடுகிறது. தார் உருண்டையைச் சுத்தியலால் அடித்தால் கல் போலத் தெறிக்கும்; அப்படியே விட்டு வைத்தால் கூழ் போலப் படரும். குண்டுக்கும் ரேஸுக்கும் நடுவே எண்ணெய் இருக்கும் நேரம், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. ஓடிப்போக நேரமில்லை. கல்லாக நிற்கிறது. வெளியேறும் வாசலில் படலம் சற்று ஒடுங்கி, அழுத்தம் ஒருமுறை ஊசி போல எழும்பி விழுகிறது. அதைத் தாண்டியதும் மறுபடி சாதாரண எண்ணெய்.

இதைக் கண்ணாலும் பார்த்துவிட்டார்கள். 1960-களில் லண்டனில் கோஹர், கேமரூன் ஆகியோர் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் எஃகுக் குண்டை எண்ணெயோடு ஓடவிட்டு, கண்ணாடி வழியே பார்த்தார்கள். மழை நாளில் ரோட்டில் சிந்திய டீசல் வானவில் காட்டுமே, அந்த வண்ணங்கள் தெரிந்தன. வண்ணத்தைக் கொண்டு படலத்தின் தடிப்பை அளந்தார்கள். பேரிங்கில் அது ஒரு மைக்ரானுக்கு அக்கம்பக்கம். பல சமயம் அதற்கும் குறைவு. தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தப் படலம் பாரத்தைக் கண்டு அவ்வளவாகப் பயப்படாது. பாரம் இரண்டு மடங்கானாலும் அதன் தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடக் குறையாது. அதற்குப் பயம் இரண்டே விஷயத்தில்: சூடு, மந்த வேகம். சூடேறினால் எண்ணெய் நீர்த்துப்போகும். வேகம் குறைந்தால் உள்ளே இழுக்கப்படும் எண்ணெய் குறையும். மெதுவாகச் சுற்றும் இயந்திரத்துக்குக் கெட்டி எண்ணெயும், வேகமாகச் சுற்றுவதற்கு இலேசான எண்ணெயும் சொல்வது இதனால்தான். ஸ்டோரில் எது இருக்கிறதோ அதை ஊற்று என்பது எண்ணெயே ஊற்றாததற்கு அடுத்தபடி.

படலம் முறிந்தால், எஃகும் எஃகும் உரசி, உராய்வின் இழுப்பு மேற்பரப்பில் சேர்கிறது. ஆழத்தில் இருந்த தகைவின் உச்சம் மேலே ஏறி வந்துவிடுகிறது. விரிசல் உள்ளே பிறக்காமல் மேலேயே பிறக்கிறது, அதுவும் சீக்கிரமாக. நன்றாக வாழ்ந்த பேரிங் உள்ளிருந்து சாகும். பட்டினி போட்ட பேரிங் மேலிருந்து சாகும்.

தூசியும் மழையும்

படலம் ஒரு மைக்ரான் என்றோம். பட்டறைத் தூசியில் ஒரு துகள் ஐந்து, பத்து மைக்ரான் இருக்கும். எமரிக் கல் பொடி இன்னும் பெரிது. அது குண்டுக்கு அடியில் சிக்கினால், ரேஸில் ஒரு குழி விழும். குழியின் ஓரத்தில் ஒரு வரப்பு எழும்பும். துகள் போய்விட்டாலும் வரப்பு போகாது. பிறகு வருகிற ஒவ்வொரு குண்டும் அந்த வரப்பில்தான் முழுப் பாரத்தையும் வைக்கும். புதுப் பேரிங்கின் காகிதத்தைக் காலையில் பிரித்துப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, டீ குடித்து, பக்கத்தில் கிரைண்டிங் நடக்க, மத்தியானம் மாட்டினால், மாட்டும் முன்பே அதன் ஆயுளில் ஒரு பங்கு போயிற்று.

மும்பை மழைக்கு இன்னொரு வேலை உண்டு. வெளியே நிமிர்த்தி வைத்த எண்ணெய் டிரம்மின் தலையில் தண்ணீர் தேங்கும். பகலில் டிரம் சூடாகிக் காற்றை வெளியே விடும். இரவில் குளிர்ந்து உள்ளே இழுக்கும். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் தேங்கிய தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். எண்ணெயில் கலந்த சிறிதளவு தண்ணீரும் பேரிங் எஃகுக்கு விஷம். டிரம்மைப் படுக்க வைக்க ஒரு காசு செலவில்லை.

கிரீஸ் விஷயத்தில் தாராளம் கூடாது. ஹவுசிங்கில் உள்ள வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி போதும். முழுக்க அடைத்தால் கிரீஸைக் கடைந்தே பேரிங் சூடேறிவிடும். ஒரு வகைக் கிரீஸோடு வேறு வகையைக் கலந்தால் சில சமயம் இரண்டும் கெட்டு நீராக ஒழுகிவிடும்.

தழும்பு சொல்லும் சாட்சி

இனி அந்த உடைந்த வளையத்துக்கு வருவோம். கெரசினில் கழுவி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

ரேஸில் குண்டுகளின் இடைவெளியிலேயே வரிசையாகப் பள்ளங்கள் விழுந்திருந்தால், மாட்டும்போது சுத்தியல் பேசியிருக்கிறது. ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தைத் தள்ளாமல் வெளிவளையத்தில் அடித்தால், அடி முழுவதும் குண்டுகள் வழியே ரேஸில் இறங்கும். இது மாட்டியவர் தவறுதான்; மறுப்பதற்கில்லை. எண்ணெய்த் தொட்டியில் 80 முதல் 110 டிகிரி வரை சூடாக்கினால் கையாலேயே ஏறிவிடும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் தொட்டியும் தெர்மாமீட்டரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

குண்டு ஓடிய தடம் வளையத்தைச் சுற்றி நேராக இல்லாமல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால், ஷாஃப்டோ ஹவுசிங்கோ கோணல். இதில் ஒரு பழைய கதை உண்டு. ஸ்வீடனில் யோத்தபரி நகரத்து நெசவு மில்லில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். களிமண் நிலம். கட்டிடம் மெல்ல மெல்ல இறங்க, நீண்ட ஷாஃப்ட் கோணி, பேரிங்குகள் போய்க்கொண்டே இருந்தன. மில் ஆட்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஷாஃப்ட் கோணினாலும் தானே வளைந்துகொடுக்கும் இரண்டு வரிசைக் குண்டு பேரிங்கை 1907-ல் உருவாக்கினார். அதைச் செய்து விற்கத் தொடங்கியதுதான் எஸ்.கே.எஃப். நிறுவனம். அங்கே பால்ம்கிரென் பின்னர் செய்த பீப்பாய் வடிவ ரோலர் பேரிங்கும் அதே குணமுடையது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளின் அச்சு முனைகளில் அமர்ந்திருப்பது அந்த வகைதான்.

துணி துவைக்கும் பலகை போல ரேஸ் முழுக்க வரி வரியாக இருந்தால் மின்சாரம் பாய்ந்திருக்கிறது. இயந்திரத்தில் எங்கோ வெல்டிங் செய்யும்போது எர்த் கிளிப்பைத் தூரத்தில் மாட்டினால், மின்சாரம் பேரிங் வழியே குறுக்கு வழி தேடும். அந்தப் பொறிகள் ஒவ்வொன்றும் ஒரு குழி. வெல்டர் போய்ப் பல நாள் கழித்துப் பேரிங் போகும்; பழி ஃபிட்டருக்கு வரும். கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்தின் பக்கத்திலேயே மாட்டச் சொல்வது இதற்காகத்தான்.

நீலம், பழுப்பு நிறம் ஏறியிருந்தால் எண்ணெய்ப் பட்டினி, அல்லது அளவுக்கு மீறிய பாரம். பளபளப்புப் போய் ரேஸ் முழுவதும் மங்கிச் சொரசொரப்பானால் தூசி அல்லது மெல்லிய எண்ணெய். வேறெங்கும் ஒரு கீறலும் இல்லாமல், நேரான தடத்தில், பாரம் விழும் பக்கத்தில் ஆழமான ஒரே ஒரு செதில் பெயர்ந்திருந்தால், அந்தப் பேரிங் தன் கடமையை முடித்துக்கொண்டு களைப்பால் போயிருக்கிறது. மெமோவுக்கு அங்கே இடமில்லை.

ஒன்று மட்டும் முக்கியம். முற்றிலும் நொறுங்கும்வரை ஓட்டிவிட்டால் தழும்புகள் எல்லாம் அழிந்துவிடும், சாட்சியும் போய்விடும். சத்தம் கேட்ட அன்றே கழற்ற வேண்டும். கழற்றும் முன் ஹவுசிங்கில் எது மேல் பக்கம் என்று சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தால், பாரம் எந்தப் பக்கம் விழுந்தது என்று பிறகு சொல்ல முடியும். பழைய கிரீஸில் கொஞ்சம் எடுத்துத் தாளில் மடித்து வைப்பதும் நல்லது.

ரயிலில் இந்தச் சாட்சியத்துக்கு விலை அதிகம். பித்தளைப் பேரிங்கும் எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவுமாக ஓடிய காலத்தில் அச்சுப்பெட்டி சூடாகிப் புகைவது சாதாரணம். ரோலர் பேரிங் வந்தபின் அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது, அடியோடு போய்விடவில்லை. சூடான பேரிங் இறுகிப்போனால் அச்சின் முனையே பழுத்து ஒடியும். வண்டி தடம் புரளும். அதனால்தான் வண்டி நிலையத்தில் நிற்கும்போது ஊழியர்கள் ஒவ்வொரு அச்சுப்பெட்டியாக வெப்பம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். தண்டவாளத்தின் ஓரத்திலேயே வைத்து, ஓடும் வண்டியின் சூட்டையும் சத்தத்தையும் கண்டுபிடிக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

பெட்டி பழுதுபார்க்க வரும்போது, மாட்டுங்கா, லோயர் பரேல் போன்ற பணிமனைகளில் இந்தப் பேரிங்குகளுக்குத் தனிக் கவனிப்பு. பழைய கிரீஸ் போகக் கழுவி, உலர்த்தி, ரோலர் ரோலராக, ரேஸ் முழுவதும் ஒருவர் சுற்றிப் பார்க்கிறார். பிறகு ரோலருக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளியை அளக்கிறார். அளவு சரியாக இருந்தால் புதுக் கிரீஸ் வைத்து மூடி, பேரிங் மறுபடியும் தடத்துக்குப் போகிறது.